வீரய்யாவின் பேரில் மூன்று இரவுகள்

வரிசையாக ஒட்டிக் கட்டிய எங்கள் லயத்தில், வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவில் இருப்பதைச் சுவர் என்று சொல்வது ஒரு மரியாதைக்குத்தான். அந்தப் பக்கம் வீரய்யா தம்பி தும்மினால் இந்தப் பக்கம் என் தேத்தண்ணிக் கோப்பை ஆடும். ஆகவே அவருடைய குறட்டையை நான் ஒட்டுக்கேட்டேன் என்று யாரும் சொல்லக் கூடாது. அது தானாக வந்தது. வந்ததை நாலு பேருக்குச் சொன்னேன்.

நாலு பேர் என்பது கொஞ்சம் குறைத்துச் சொன்னது. எனக்கு வேலை தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில். கொழுந்தெடுக்கப் போகிற தாய்மார் காலையில் கைக்குழந்தைகளை என்னிடம் விட்டுப் போவார்கள். பிள்ளையோடு ஒரு செய்தியும் வரும். பின்னேரம் பிள்ளை திரும்பும்போது இரண்டு செய்தி போகும். வீரய்யா கொழுந்து லொறி ஓட்டுகிறவர் என்பது எனக்கு வசதியாகப் போயிற்று.

"நேத்து ராத்திரி தம்பி லொறிய மேட்டுல ஏத்துனாரு பாரு, ரெண்டாம் கியர்லயே நின்னு அலறுச்சு" என்பேன்.

பெண்கள் சிரிப்பார்கள். என் வீட்டின் மறுபக்கச் சுவர்க்காரி ஷாமிலா மட்டும் கொஞ்சம் அதிகமாகவே சிரிப்பாள். என் பேச்சு அவளுக்கு அவ்வளவு பிடித்திருக்கிறது என்று நினைத்துக்கொள்வேன்.

போன ஐப்பசியில் அந்தச் சிரிப்பு நின்றது. றொசல்ல ஸ்டேஷனுக்குக் கீழே இருக்கிற வளைவில், பட்டப்பகலில், ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே கண்ணயர்ந்து, வீரய்யா லொறியை ரோட்டோரத் தண்ணீர்க் கானுக்குள் இறக்கிவிட்டார். கொழுந்துச் சாக்குகளைத் தவிர யாருக்கும் அடியில்லை. ஆனாலும் ஆபீசில் சாவியை வாங்கி வைத்துக்கொண்டார்கள். பத்தொன்பது வருடம் லொறி ஓட்டிய மனிதர் மண்வெட்டியோடு மலைக்குக் கான் வெட்டப் போனார். விழுந்த கானையே வெட்டப் போகிறார் என்று நான்தான் முதலில் சொன்னேன். இப்போது நினைத்தால் நாக்கைக் கடித்துக்கொள்ளலாம் போலிருக்கிறது. அன்றைக்கு நன்றாகத்தான் இருந்தது.

நுவரெலியாவில் ஒரு கிளினிக்கில் சோதித்துப் பார்த்தார்கள். தூங்கும்போது தொண்டை அடைபட்டு மூச்சு நின்று நின்று வருகிறது, ராத்திரி முழுவதும் சரியான தூக்கமில்லாததால்தான் பகலில் கண் சொருகுகிறது என்றார்கள். ஒரு மெசின் கொடுத்து அனுப்பினார்கள். பேக்கரியில் வாங்குகிற ஒரு றாத்தல் பாண் அளவில் ஒரு பெட்டி, அதிலிருந்து ஒரு குழாய், குழாயின் நுனியில் மூக்கை மூடுகிற மாஸ்க். காற்றைத் தள்ளித் தொண்டையைத் திறந்து வைத்திருக்குமாம். பெட்டிக்குள் ஒரு சிம் இருந்தது. எத்தனை மணித்தியாலம் மாட்டியிருந்தார், மணிக்கு எத்தனை தடவை மூச்சு நின்றது என்று ஒவ்வொரு காலையிலும் அதுவே கிளினிக் கம்பியூட்டருக்கு அனுப்பிவிடும். அங்கே நிரூபா என்று ஒரு யாழ்ப்பாணத்து மிஸ் இருந்து பார்ப்பார். இரண்டு மாதம் ஒழுங்காக இருந்தால் டொக்டர் கடிதம் கொடுப்பார். கடிதம் வந்தால் சாவி வரும்.

"தெனம் நாலு மணித்தியாலமாச்சும் போடணுமாம் அக்கா" என்றாள் வீரய்யாவின் மனைவி அழகம்மா.

"அட, இது நம்ம பெரட்டுதான் புள்ள" என்று நான் விளக்கம் கொடுத்தேன். பெரட்டு என்பது காலையில் ஆள் கணக்கெடுத்து வேலைக்கு அனுப்புகிற இடம். அங்கே பேர் விழுந்தால்தான் அந்த நாள் நம்முடையது. "நாலு மணித்தியாலம் போட்டா முழுப் பேரு. கொறைஞ்சா அரைப் பேரு. போடாட்டி பேரே இல்ல."

அழகம்மா என்னைப் படித்தவளைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். அந்தப் பார்வைக்கு நான் எதையும் சொல்வேன்.

ஏழு வாரம் வீரய்யாவுக்கு முழுப் பேர் விழுந்தது. முகம் தெளிந்தது. பகலில் கொட்டாவிகூட விடவில்லை. இன்னும் ஒரு வாரம் இருக்கும்போது பூண்டுலோயாவில் அவருடைய தாய்மாமன் செத்துப்போனார். மருமகன் முறைக்கு அவர் நின்றே ஆக வேண்டும். சாவு வீட்டில் யார் தூங்குவது, எந்தப் பிளக்கில் மெசினை மாட்டுவது? பெட்டியை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போனார். மகளுக்குப் பள்ளிக்கூடத்தில் சோதனை நடந்ததால் அழகம்மா தலையைக் காட்டிவிட்டு அன்றைக்கே திரும்பிவிட்டாள். வந்ததும் நேராக என் வாசலுக்குத்தான் வந்தாள்.

"அக்கா, மூணு நாளு பேரு போயிருமே. கடைசி நேரத்துல வெட்டிட்டாங்கன்னா?"

ஒருத்தி வர முடியாத நாளில் அவளுடைய தங்கச்சியோ கொழுந்தியாளோ போய் அவள் பேருக்குக் கொழுந்தெடுப்பது எங்களுக்குப் புதிதில்லை. கணக்கப்பிள்ளையும் கண்டும் காணாததுபோல இருப்பார். நிறுவைக்குக் கொழுந்து வந்தால் போதும், பறித்த கை யாருடையது என்று தராசு கேட்பதில்லை.

"நீ மாட்டிக்கிட்டுப் படு" என்றேன்.

"மாட்டிப் பாத்தேன் அக்கா. யாரோ மூக்கப் புடிச்சி அமுக்குற மாதிரி இருக்கு. பயமா இருக்கு."

"சரி, குடு. நான் போடுறேன். மெசினுக்கு மூஞ்சியா தெரியப் போகுது?"

உதவி செய்கிற மனம் என்று அதற்குப் பேர் வைத்துக்கொண்டேன். உண்மையில் அந்த மெசினை ஒரு தடவையாவது மாட்டிப் பார்க்க எனக்கு ஏழு வாரமாக ஆசை. மூன்று இரவும் என் கட்டிலில் வைத்து மாட்டிக்கொண்டு படுத்தேன். மாஸ்க் என் மூக்குக்குப் பெரிது, ஒரு பக்கம் காற்று சீறியது. ஆனாலும் பொழுது விடியும்வரை மாட்டியே இருந்தேன். மூன்று முழுப் பேர். அழகம்மா எனக்கு ஒரு தட்டு ரொட்டி கொண்டுவந்து கொடுத்தாள்.

நாலாம் நாள் காலையில் வீரய்யா வந்து சேர்ந்தார். கால் கழுவிக்கொண்டிருக்கும்போதே போன் அடித்தது. சத்தமாகப் போட்டுத்தான் பேசுவார், நான் என்ன செய்வது?

"ஐயா, நிரூபா கதைக்கிறன். உங்கட ரிப்போட் திடீரெண்டு நல்லா மோசமாக் கிடக்கு. மணிக்கு நாற்பது தரத்துக்கு மேல மூச்சு நிக்குது. டொக்டர் இப்ப கடிதம் தரேலாது எண்டிட்டார். வாற கிழமை வியாழக்கிழமை வாங்கோ."

சுவருக்கு அந்தப் பக்கம் போனை வைக்கிற சத்தம் கேட்டது. பிறகு வீரய்யாவின் குரல் மட்டும்: "மெசினும் போட்டு இப்படின்னா, அப்ப அவ்வளவுதான் புள்ள. எனக்கு மம்புட்டிதான்."

என் கையில் இருந்த கோப்பையைக் கீழே வைத்தேன். நாற்பது தடவை. என் வீட்டுக்காரர் போய் ஏழு வருடம். இருந்த காலத்திலும் தேயிலை அரைக்கிற ஸ்டோரின் இரைச்சலில் காது மந்தமாகிப்போன மனிதர். நான் எப்படித் தூங்குகிறேன் என்று எனக்குச் சொல்ல யாரும் இருந்ததில்லை.

அப்போதே சுவரில் தட்டி, "தம்பி, அது நான்" என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அதைவிட மோசமானதைச் செய்தேன். மறுநாள் தண்ணீர் பிடிக்கிற பீலியில் ஷாமிலா, "என்னக்கா, வீரய்யா அண்ணனுக்கு கூடிப்போச்சாமே?" என்று கேட்டபோது, "ஆமா புள்ள, பாவம், மெசினும் புடிக்கல போல" என்றேன். உச்சுக்கொட்டக்கூடச் செய்தேன்.

என் வாயிலிருந்து புறப்பட்டது ஆபீசுக்குப் போய்ச் சேர இரண்டு நாள் எடுத்தது. அதுவரை தற்காலிகமாக லொறி ஓட்டிய சுதாகரனுக்கே அதை நிரந்தரமாகக் கொடுக்கப் போவதாகவும், வியாழக்கிழமை கடிதம் இல்லாமல் வந்தால் வீரய்யா இனி மலையில்தான் என்றும் சொல்லிவிட்டார்கள். அன்று பின்னேரம் கொழுந்து லொறி லயத்தைக் கடந்து போனபோது, வாசலில் இருந்த வீரய்யா எழும்பி வீட்டுக்குள் போய்விட்டார். நான் என் வாசலிலிருந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

புதன்கிழமை அழகம்மா வந்தாள். ரொட்டித் தட்டை வாங்கிப் போகத்தான் வந்தாள். வாங்கிக்கொண்டு உடனே போகவில்லை.

"அக்கா, அது அவரு மூச்சு இல்ல."

"பின்ன யாரு மூச்சுங்கிற?"

அவள் என் கட்டிலைப் பார்த்தாள். பிறகு, "நான் அவருகிட்ட இன்னும் சொல்லல அக்கா. நான் சொன்னா குடும்பத்துக்காகப் பொய் சொல்றேன்னுவாங்க. நீங்க வந்தாத்தான்" என்றாள். தட்டை எடுத்துக்கொண்டு போனாள்.

வியாழக்கிழமை நானும் பஸ் ஏறினேன். "அக்கா எதுக்கு?" என்று வீரய்யா கேட்டார். "அக்காவுக்கும் ஒடம்பு காட்டணுமாம்" என்றாள் அழகம்மா.

நிரூபா மிஸ் சின்ன வயதுப் பெண். கம்பியூட்டரை எங்கள் பக்கம் திருப்பிக் காட்டினார். பச்சைக் கோடுகளாக ஏழு வாரம். அதற்கு அடுத்தாற்போல மூன்று சிவப்புக் கோடுகள், நெட்டையாக, வெட்கமில்லாமல் நின்றன.

"இந்த மூண்டு நாளும் என்ன நடந்தது ஐயா? பிறகு திரும்பவும் நல்லா வந்திருக்கு. எனக்கு ஒண்டுமா விளங்கேல்லை. குடிச்சனீங்களோ?"

வீரய்யா தேதியைப் பார்த்தார். "இல்லீங்க மிஸ். அந்த மூணு நாளும் நான் வீட்டுலயே இல்லீங்களே. பூண்டுலோயாவுல சாவு வீட்டுல இருந்தேன்."

நிரூபாவின் முகம் மாறியது. "அப்ப வேற ஆரோ போட்டிருக்கினம். வேற ஆக்கள் போடுறதெண்டா, மிச்ச நாளெல்லாம் நீங்கள்தான் போட்டனீங்கள் எண்டு நான் எப்பிடி நம்புறது?"

வீரய்யா அழகம்மாவைத் திரும்பிப் பார்த்தார். கிளினிக்கில் காத்திருந்த அத்தனை பேரும் எங்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களில் பாதிப்பேர் எங்கள் ஹட்டன் பக்கத்துச் சனம், எனக்குத் தெரிந்த முகங்கள்.

"நான்தாங்க மிஸ்" என்றேன்.

சத்தம் வரவில்லை. மறுபடி சொல்ல வேண்டியிருந்தது. "நான்தாங்க போட்டேன். தம்பிக்கு தெரியாது. பேரு வெட்டிருவீங்கன்னு… பெரட்டு மாதிரின்னு நெனச்சிட்டேன்."

நிரூபாவுக்குப் பெரட்டு என்றால் என்னவென்று அழகம்மா விளக்கினாள். கேட்டுவிட்டு அவர் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.

"ஒரு கோல் எடுத்து சாவீட்டுக்குப் போறார் எண்டு சொல்லியிருந்தாப் போதுமே அம்மா. மூண்டு நாள் போடாட்டி ஒண்டும் ஆகாது. இது ஆள் எண்ணுற மெசின் இல்லை." அந்த மூன்று நாளையும் டொக்டரிடம் சொல்லி ஒதுக்கிவைக்கச் செய்வதாகச் சொன்னார். பிறகு பேனையை எடுத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார். "மெசின் போட்டும் மணிக்கு நாற்பத்தொரு தரம். பகலில வேலை செய்யேக்கை நித்திரை தூங்குறனீங்களோ?"

"இல்லீங்க மிஸ்."

"என்ன வேலை?"

"புள்ளைங்கள பாத்துக்கிறதுங்க."

பேனை அப்படியே நின்றது. நான் தரையைப் பார்த்தேன். "மத்தியானத்துல கொஞ்சம்" என்றேன்.

எனக்கும் ஒரு சோதனைக்குத் தேதி எழுதிக் கொடுத்தார். டொக்டர் வீரய்யாவின் கடிதத்தில் கையெழுத்துப் போட்டார்.

பஸ்ஸில் வீரய்யா எனக்கு முன் சீட்டில் இருந்தார். தலவாக்கலை தாண்டும்வரை ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். திட்டினாலாவது பரவாயில்லை என்று காத்திருந்தேன். மேட்டில் பஸ் கியர் மாற்றி முனகியபோது, திரும்பாமலே கேட்டார்: "இது ரெண்டாம் கியரா அக்கா, மூணாம் கியரா?"

எல்லாம் அவர் காதுக்குப் போயிருக்கிறது. சுவருக்கு இரண்டு பக்கம் உண்டு என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

மறுநாள் காலை பீலியில் ஆறேழு பெண்கள் நின்றார்கள். கொழுந்து லொறி கீழ் ரோட்டில் போனது. வீரய்யாதான் ஓட்டினார், ஹோர்ன் சத்தத்திலேயே தெரிந்தது. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். செய்தி என்றால் என்னிடம்தானே கேட்க வேண்டும். நான் வாயை மூடிக்கொண்டால், "மெசினும் புடிக்கல" என்று நான் விட்டது அப்படியே ஊரில் நிற்கும்.

"அந்த நாப்பது தடவ நின்ன மூச்சு வீரய்யாவோடது இல்ல" என்றேன். "என்னோடது."

யாரும் வாயைப் பிளக்கவில்லை. ஷாமிலா மகனை இடுப்பில் ஏற்றிக்கொண்டு, "அது எங்களுக்கு தெரியுந்தானே அக்கா" என்றாள். "மெசின் வந்தப்பொறவு வீரய்யா அண்ணன் வீட்டுல மூச்சே காட்டல. அதுக்குப் பொறவும் எங்க சுவரு அதிர்ந்துச்சே. முன்னாடியும் பாதி நீங்கதான்."

"ஏண்டி, எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லல?"

"வெக்கப்படுவீங்கன்னுதான்."

அவள் குத்தலாகச் சொல்லவில்லை. அவர்கள் யாருமே குத்தலாகப் பார்க்கவில்லை. நானும் குடத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டிருந்தால் அதோடு முடிந்திருக்கும்.

ஆனால் அவர்களுக்குத் தெரியாதது ஒன்று இருந்தது. போன மாதம் ஷாமிலாவின் மகன் பிள்ளைக் காம்பராவின் படியில் உருண்டு நெற்றியில் புடைத்துக்கொண்டு வந்தானே, அதற்குக் கதவுக் கொண்டி சரியில்லை என்று சொல்லியிருந்தேன். கொண்டியைக் குறை சொல்லி ஆபீசுக்குக்கூடப் போனேன்.

"கொண்டி நல்லாத்தான் இருந்திச்சி ஷாமிலா" என்றேன். "நான்தான் ஒக்காந்தமேனிக்கி தூங்கிட்டேன்."

பீலித் தண்ணீர் நிறைந்த குடத்தின் மேல் விழுந்து வழிந்துகொண்டிருந்தது. ஷாமிலா மகனின் நெற்றியை ஒரு தடவை தடவிப் பார்த்தாள். பிறகு அவனை என் பக்கமாக இருந்த இடுப்பிலிருந்து, எனக்கு எட்டாத மற்ற இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள்.