வீட்டுக்குக் கட்டை வைக்கும் நேரம்

செங்காட்டுப்பேட்டையில் குடிப்பவர்களின் வீடுகள் நடக்கும். அப்படி நடக்கிற ஏழு வீட்டாரை விட்டுவிட்டு, போதை மீட்பு மையம் எப்படி அமைய வேண்டும் என்று ஊரைக் கூட்டிப் பேசி முடித்துவிட்டார்கள். அநியாயம் என்றால் இதுதான் அநியாயம். மையம் யாருக்காகவோ அவர்களைத் தவிர மற்ற எல்லாரும் வந்து, பஜ்ஜி சாப்பிட்டு, கருத்தும் சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள்.

இதில் யாருக்கும் கெட்ட எண்ணம் கிடையாது. மைக் கட்டிய ஆட்டோ தெருத்தெருவாகப் போய் அழைக்கத்தான் செய்தது. ஆனால் அதற்கு முந்தின நாள் நல்ல முகூர்த்தம். செங்காட்டுப்பேட்டை லாரி பாடி கட்டுகிற ஊர். நிற்கிற லாரி உருளாமல் டயருக்குக் கட்டை வைப்பதுபோல, பொழுது சாய்ந்ததும் நடக்கிற வீடுகளின் மூலைக்கு அக்கம்பக்கத்தார் கட்டை வைப்பது அங்கே வழக்கம். அன்றைக்கு அவர்கள் எல்லாரும் கல்யாண மண்டபத்தில் இருந்தார்கள். கட்டை வைக்க ஆளில்லாத ஏழு வீடுகளும் இஷ்டம்போல நடந்து பைபாஸ் மதுக்கடை வாசலில் போய் நின்றுகொண்டன. மறுநாள் வீடுகள் திரும்பி வருவதற்குள் ஆட்டோ வந்துவிட்டது. தெருவில் இருந்தது காலி மனை. காலி மனையை எவ்வளவு மரியாதையாக அழைத்தாலும் அது கூட்டத்துக்கு வராது.

ஏழில் ஒன்று வெல்டர் பால்ராஜின் வீடு. அவர் மகள் சுடர்க்கொடி சேலத்தில் பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படிக்கிறாள். வாதம் என்று வந்துவிட்டால் சோறு தண்ணீர் வேண்டாம் அவளுக்கு. ஆனால் ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் அவளுக்குப் பேச்சு வராது. உலை கொதிக்கும் நேரத்தில் வீடு கிளம்பிவிட, கஞ்சி காலில் கொட்டிய நாளன்று அம்மா கோகிலா பஸ் ஸ்டாண்டு திருப்பத்தில் பையோடு இறங்கி, ஈரோட்டில் அக்காள் வீட்டுக்குப் போய்விட்டாள். ஞாயிறு தவறாமல் போன் வரும். "வூடு எங்கடி நிக்குது?" என்று ஒரே கேள்விதான். நிற்கிற இடம் தெரியாத வீட்டுக்கு ஒருத்தி எப்படித் திரும்பி வருவாள்? சுடர் பேச்சை மாற்றி, பெரியம்மாவின் சர்க்கரை அளவை விசாரிப்பாள்.

கூட்டம் நடந்த செய்தி தெரிந்ததும் அவள் நேரே திட்டக்குழுத் தலைவர் துரைசிங்கத்தின் மர டிப்போவுக்குப் போனாள்.

"ஏனுங்கய்யா, எங்களை மட்டும் எதுக்கு விட்டீங்க?"

"ஆட்டோ வந்துச்சே அம்மிணி. உங்க வூடு எடத்துல இல்லை. நாங்க என்ன பண்றது?"

"வீட்டு வரி கேக்க மட்டும் கடை வாசல் வரைக்கும் தேடி வர்றாங்கல்ல?"

துரைசிங்கம் யோசித்தார். வருகிறார்கள்தான். மையத்தின் வரைபடத்தை எடுத்துக் காட்டினார். மலையடிவாரம். ஆளுயரத்துக்கு இரண்டு மடங்கு மதில். காலையில் திறந்து மாலையில் மூடும் மருத்துவர் அறை. ஊரே ஒருமனதாக ஒத்துக்கொண்ட திட்டம்.

"உள்ள போற ஆளு கொணமாகித்தான் வெளிய வருவாரு," என்றார்.

"ஆளு குணமாயிடுவாரு. சரி. வீடு?"

"வூட்டுக்கு என்ன?"

"மாணிக்கவாசகம் அண்ணனுக்கு என்ன ஆச்சுன்னு உங்களுக்குத் தெரியாதா? கோயமுத்தூர்ல வைத்தியம் பார்த்துக் கன்னமெல்லாம் உப்பி ராஜா மாதிரி வந்தாரு. வந்து பார்த்தா வீடு கடை வாசல்ல நிக்குது. அவரு குடிக்கவா போனாரு? தன் வீட்டுக்குள்ள போகப் போனாரு. அப்புறம் என்ன ஆச்சு? ஆளுக்கு மட்டும் வைத்தியம் பார்த்துட்டு, பழகின வீட்டை அப்படியே விட்டா, அது எந்த ஊரு வைத்தியமுங்க? இதை எங்கள்ல ஒருத்தரைக் கேட்டிருந்தாலும் சொல்லியிருப்போமே!"

டிப்போவில் மரம் அறுத்துக்கொண்டிருந்தவர்கள் இயந்திரத்தை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள்.

"கத்தாதீங்க அம்மிணி," என்றார் துரைசிங்கம். "திரும்ப ஒருக்கா கூடிப் பேசிருவோம். காலைல வெச்சுக்கலாமா?"

"சாயங்காலம்தான். காலைல வீடெல்லாம் தூங்கும்."

கூட்டம் கடைக்குப் போகும் வழியிலிருந்த வாரச்சந்தைத் திடலில் நடந்தது. வெயில் இறங்கியதும் ஏழு வீடுகளும் ஒன்றன்பின் ஒன்றாக அசைந்து வந்தன. குழுவினர் ஆளுக்கொரு கட்டையோடு ஓடினார்கள். துரைசிங்கமும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பால்ராஜ் வீட்டின் பின்மூலையில் கட்டையைச் செருகினார். வீடு அவரைக் கண்டுகொள்ளாமல் நடந்தது.

"ஐயோ, அது மேட்டுல நிக்கிற லாரிக்குங்க," என்று கத்திக்கொண்டே ஓடி வந்த பக்கத்து வீட்டு ரெஜினா அக்கா, வாசற்படிக்கு முன்னால் தன் இரும்புக் கட்டையைப் போட்டாள். வீடு ஒரு குலுங்கு குலுங்கி நின்றது. "வூடு எப்பவும் முன்னாலதான் போகும் தலைவரே. பின்னால போற வூட்டை நீங்க எங்க பார்த்தீங்க?"

எல்லாரும் சிரித்தார்கள். துரைசிங்கமும் சிரித்தார்.

பால்ராஜ் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு பேசினார். கூட்டத்தில் பேசி அவருக்குப் பழக்கமில்லை.

"நான் நிறுத்திக்குவேனுங்க. எத்தனையோ தடவை நிறுத்தியிருக்கேன். ராத்திரி கட்டை நழுவிருச்சுன்னா, காலைல எந்திரிச்சுக் கதவைத் தொறந்தா எதிர்ல கடை. பல்லு வெளக்கத் தண்ணி வேணும்னாக்கூட அங்கதான் கேக்கணும். வெறுந்தண்ணி கேட்டா அவங்களுக்கும் சங்கடமா இருக்குதுங்க."

அதன்பிறகு மற்ற ஜன்னல்களும் திறந்தன. மதில் வேண்டாம், வீடு நுழைகிற அகலத்துக்கு வாசல் வேண்டும். மருத்துவர் சாயங்காலம் இருக்க வேண்டும், காலையில் எல்லாரும் நல்லவர்கள்தான். பெயர்ப்பலகை வேண்டாம், ஊருக்குள்ளேயே இருக்க வேண்டும். ரெஜினா அக்காவும் கையைத் தூக்கினாள்: "கட்டை வெக்கறவங்களுக்கும் நாலு நாற்காலி போடுங்க. இடுப்பு போச்சு."

இந்தத் திடலையே கொடுத்துவிடலாம் என்று துரைசிங்கம் சொன்னார். சந்தைக்காரர் ஒருவர் எழுந்தார். "அப்ப சந்தையை எங்க போடறது?"

"எங்க வூடுங்க இங்க வந்துட்டா மனையெல்லாம் காலியாத்தான கெடக்கும்? அங்க விரிங்க," என்றார் மாணிக்கவாசகம் தன் ஜன்னலிலிருந்து. "எங்க மனையில தக்காளி நல்லா விக்கும், ராசியான எடம்."

சந்தைக்காரர் தலையாட்டிவிட்டு உட்கார்ந்தார். மலையடிவார வரைபடத்தைத் துரைசிங்கம் பஜ்ஜிக்காரரிடம் கொடுத்துவிட்டார்.

மையம் திறந்தது. பால்ராஜ் தன் வீட்டோடு போய்ச் சேர்ந்தார். மருந்து ஆரம்பித்த நாட்களில் அவருக்குக் கை நடுங்கியது, வீட்டுக்குச் சுவர் நடுங்கியது. அவருக்கு வியர்த்தபோது வீட்டிலிருந்து சுண்ணாம்பு பொரிபொரியாக உதிர்ந்தது. மருத்துவர் அவருடைய நாடியைப் பிடித்துப் பார்த்தார். செவிலியர் வாசற்படியில் ஈரச்சாக்கை விரித்து, நிலைக்கதவைத் தடவிக்கொடுத்தபடி உட்கார்ந்திருந்தார். பொழுது சாய்ந்தால் வீடு முன்னால் இழுக்கும். ரெஜினா அக்கா முன்மூலை ஒன்றில், துரைசிங்கம் இன்னொன்றில், பேரே தெரியாத சந்தைக்காரர்கள் நடுவில். இப்போது துரைசிங்கம் சரியாக முன்னால்தான் வைத்தார். இழுப்பு அடங்கும்வரை ஊர்க்கதை பேசுவார்கள். அடங்கியதும் டீ.

சுடர் விடுமுறைக்கு வந்து ஒரு நாற்காலியில் உட்கார்ந்தாள். இவர்களோடு சண்டை போடத்தான் எத்தனை வாதங்களைச் சேர்த்து வைத்திருந்தாள்! ஒன்றும் தேவைப்படவில்லை. இவற்றில் சில, பல வருஷமாகக் கேட்காமலேயே தன் வீட்டு வாசலில் குனிந்த முதுகுகள். ரெஜினா அக்காவின் பக்கம் திரும்பினாள்.

"அக்கா, உங்களுக்கெல்லாம் நான் எப்படி..."

"பேச்சை வுடு கண்ணு. கட்டையைப் புடி, நழுவுது பாரு."

நாள் போகப் போக இழுப்பு குறைந்தது. ஒரு சாயங்காலம் வீடு இழுக்கவே இல்லை. அடுத்த சாயங்காலமும். ரெஜினா அக்கா கட்டையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தாள். வீடு நின்றது.

ஞாயிறு வந்தது. போனும் வந்தது.

"வூடு எங்கடி நிக்குது?"

"திடல்லம்மா. கட்டையே இல்லாம நிக்குது. அப்பாவும் நல்லா இருக்காரு. நீ வந்துடும்மா."

"உங்கப்பனைக் கேட்டா நிக்கும்னுதான் சொல்லுவான். நீயும் உங்கப்பன் மவதானே. வூட்டைக் கேட்டியா?"

எங்களைக் கேட்டீர்களா என்று ஊர் முழுக்கக் கேட்டவள் அவள். வீட்டை அவள் கேட்கவில்லை. வேறு யாரும்கூடக் கேட்கவில்லை.

"போனை வாசல் நெலவுகிட்ட வெய்யி," என்றாள் அம்மா.

சுடர் ஸ்பீக்கரைப் போட்டு, போனை நிலைக்கதவின் மேல் வைத்துப் பிடித்தாள். பால்ராஜ் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டு எழுந்து நின்றார். துரைசிங்கம் டீ டம்ளரைக் கீழே வைத்தார்.

"நிப்பியா?" என்று கேட்டாள் கோகிலா.

வீடு தொண்டையைச் செருமிக்கொண்டது. உத்தரத்திலிருந்து கொஞ்சம் தூசி விழுந்தது.

"இங்கயேதான் இருப்பேன் கோகிலா," என்றது வீடு. "வர்றப்ப ஈரோட்டுல நல்ல சுண்ணாம்பா ஒரு மூட்டை வாங்கிட்டு வா. மேலெல்லாம் உதிர்ந்து கெடக்குது."