வியாழன் ஐந்து மணி, ஸ்ரீராம்

1

இந்தக் கதை வயிற்றெரிச்சலில் பிறந்தது. யாருடைய வயிறு என்று கேட்காதீர்கள். குமணன்சாவடிக்காரர் ஒருவருடையது. நிர்மல் என்று வைத்துக்கொள்வோம்.

முதலில் எழுதிய தொடக்கம்: 'நிர்மல் சந்தேகப் பேர்வழி அல்ல.' அடித்துவிட்டேன். பொய்.

2

நிர்மலின் மனைவி தாட்சாயிணிக்கு அம்பத்தூர் எஸ்டேட்டில் வேலை. அவளுடைய ஆபீஸ் காலண்டரையும் தன்னுடையதையும் வீட்டு டேப்லெட்டில் ஒரு இலவச ஆப் வழியாக இணைத்தது அவன்தான். அந்த ஆப்புக்கு ஒரு கெட்ட குணம். பன்னிரண்டு பேர் மீட்டிங் என்றாலும் கூட்டியவர் பெயரை மட்டும் காட்டும், மற்றவர்களை விழுங்கிவிடும். ஆகவே வாராவாரம் அவன் கண்ணில் பட்டது: 'வியாழன் ஐந்து மணி, ஸ்ரீராம்.'

(ஸ்ரீராமை வர்ணித்து மூன்று வாக்கியம் எழுதினேன். ஒவ்வொன்றிலும் பாவி இன்னும் அழகாகிக்கொண்டே போனான். உயரமானவன். இது போதும்.)

3

புதன் காலை அவள் குளிக்கப் போன நேரம், நிர்மல் அந்த வியாழன் வரியை அழித்தான். நமக்கு நாமே போட்டுக்கொண்ட குறிப்பை அழித்தால் சத்தமில்லாமல் போய்விடும். மீட்டிங்கை அழித்தால், 'தாட்சாயிணி வரவில்லை' என்று அவள் பெயரிலேயே எல்லாருக்கும் மெயில் போகும். இது அவனுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். நான் ஏன் தடுக்கவில்லை என்றால்...

மறுநாள் மாலை அவள் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"மீட்டிங்க மூணு மணிக்கு மாத்திகிறாங்க. நான் வர்லன்னு மெயில் போனதால எனக்குச் சொல்லல. ஆறு மாசம் நான் செஞ்ச வேலைய மீட்டிங்ல ஸ்ரீராமே எல்லாருக்கும் காட்டிட்டாரு. நீ அழிச்சியா?"

"அவன் பேரு மட்டும்தான் கீது. நான் இன்னான்னு நெனைக்கிறது?"

அவள் டேப்லெட் திரையை விரலால் தள்ளிக்கொண்டே போனாள். ஞாயிறுதோறும், 'தாட்சாயிணியோடு மாங்காடு கோயில்', 'தாட்சாயிணியோடு டிபன்'.

"இது இன்னா?"

"நம்ம ரெண்டு பேருக்குதான். நீ ஒரு நாளும் வந்ததில்ல."

"என்னிய கூப்ட்டியா?"

எல்லாமே அவன் தனக்குத்தானே போட்டுக்கொண்ட குறிப்பு. ஒன்றில்கூட அவளைச் சேர்க்கவில்லை. சேர்க்காமலே இரண்டு வருஷமாக ஞாயிறுதோறும் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தான். ஸ்ரீராமாவது கூப்பிட்டான்.

4

முடிவு ஒன்று: அவள் மன்னித்தாள். (எனக்கே நம்பிக்கையில்லை.)

முடிவு இரண்டு: அவள் பெட்டியோடு நசரத்பேட்டை அம்மா வீட்டுக்கு... எழுதக் கை வரவில்லை.

வெள்ளிக்கிழமை 'ஞாயிறு ஆறு மணி, மாங்காடு' என்று போட்டு, முதல்முறையாக அவள் பெயரைச் சேர்த்து அனுப்பினேன். அனுப்பினான். சரி, நான்தான். வருகிறேன், பார்க்கலாம், வரவில்லை என்று மூன்று பொத்தான் அவளுக்குப் போயிருக்கும். இன்று சனி. பக்கத்து அறையில்தான் இருக்கிறாள். பதில் வரவில்லை.

அவள் எதை அழுத்துவாள் என்று நீங்கள் சொல்லுங்கள். நானாக எழுதினால் இதுவும் நான் எனக்கே போட்டுக்கொண்ட குறிப்பாகிவிடும்.