ஆடாத கோடு

ஐஸ்கிரீம் தொழிற்சாலையின் தரக்கட்டுப்பாட்டு அதிகாரிக்குத் தொழிலாளர்கள் வைத்த பெயர் 'டிகிரி'. குளிர் அறையில் சூடு அரை டிகிரி ஏறினால் அவருக்கு அதற்கு மேல் ஏறும். அவர் மனைவியும் அந்தப் பெயரால்தான் அவரைக் கூப்பிட்டாள்; மனசுக்குள் மட்டும்.

கல்யாணமாகி நாலு வருஷம், குழந்தை இல்லை. டாக்டரம்மா அவளுக்கு ஒரு சின்ன வேலை கொடுத்தார்.

"காலையில முழிச்சதும், எழுந்திரிக்காம, வாயைத் திறந்து பேசாம, நாக்குக்கு அடியில தெர்மாமீட்டர் வெச்சுப் பாரும்மா. தினமும் ஒரே நேரம். முட்டை வெளிய வந்தப்புறம் சூடு துளி ஏறி, அடுத்த பீரியட்ஸ் வரைக்கும் அப்படியே நிக்கும். மூணு மாசம் எழுதிட்டு வா. உனக்கு எந்த நாள்னு பிடிபட்டுடும்."

வாசல் தாண்டுவதற்குள் டிகிரி அந்த வேலையைப் பிடுங்கிக்கொண்டார். "நீ சும்மா படு. அளக்கறது என் தொழில்."

மறுநாளே, தினசரிச் சூட்டைப் புள்ளி வைத்துக் கோடாக இழுக்க அச்சடித்த படிவம் வந்தது. அளந்தவர், சரிபார்த்தவர், ஒப்புதல் அளித்தவர் என மூன்று கையெழுத்து, மூன்றும் அவருடையவை. உடம்புக்குச் சொந்தக்காரிக்கு அதில் ஒரு கட்டம்கூட இல்லை.

காலை ஐந்தரைக்குக் கைக்கடிகாரத்தோடு தலைமாட்டில் வந்து நிற்பார். மனைவி பதில் சொல்ல முடியாத ஒரே நேரம் அதுதான் என்று முதல் வாரமே கண்டுகொண்டார். அவள் தம்பியின் சோம்பேறித்தனம் முழுக்க அப்போதுதான் அலசப்படும். அவள் "ம்ம்" என்று உறுமினால், "பேசாதே, அளவு கெட்டுடும்" என்பார்.

சில நாள் தெர்மாமீட்டரைப் பார்த்து முகம் சுளிப்பார். "முப்பத்தாறு புள்ளி ஏழா? நேத்து வரைக்கும் புள்ளி மூணுதானே. போய் ஜில்லுனு தண்ணியில வாய் கொப்பளிச்சுட்டு வா, மறுபடி வைப்போம்." தூக்கக் கலக்கத்தில் அவளும் போவாள்.

முடிவு உடனே அவர் தங்கைக்குப் போய்விடும். எட்டு மணிக்கு நாத்தனார் போன் செய்வாள். "அண்ணி, இன்னைக்கும் புள்ளி மூணாமே! அண்ணன் சொல்லிச்சு. உங்க உடம்பு ரொம்ப ஒழுங்குன்னு பெருமைப்படுது."

கோடு ஏறவே இல்லையென்றால் முட்டை வரவில்லை என்று அர்த்தமாக இருக்கலாம் என டாக்டரம்மா கொடுத்த தாளில் போட்டிருந்தது. மூன்றாம் மாதக் கடைசியில் அவள் குழாயைத் திறந்துவிட்டுக் குளியலறையில் அழுதாள். வெளியே டிகிரி படிவங்களுக்கு அட்டை போட்டுக்கொண்டிருந்தார்.

டாக்டரம்மா தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "என்ன சார் இது, ஸ்கேல் வெச்சுப் போட்டீங்களா?"

"மூணு மாசம், கோடு ஆடவே இல்லை டாக்டர்!" டிகிரி நிமிர்ந்து உட்கார்ந்தார். "எங்க தொழிற்சாலையிலகூட இந்தத் தரம் கிடையாது."

"ஒருநாள்கூடவா ஏறலை?"

"ஏறும். அதை அப்படியே விட்டுடுவேனா? தண்ணி கொப்பளிக்கச் சொல்லித் திரும்ப எடுத்துடுவேன். மூணு தெர்மாமீட்டர் மாத்திட்டேன், எல்லாம் மட்டமான சரக்கு." நல்ல அதிகாரி எதையும் தூக்கி எறிவதில்லை. பையிலிருந்து 'நிராகரிக்கப்பட்டவை' என்று எழுதிய இன்னொரு நோட்டை எடுத்து நீட்டினார்.

டாக்டரம்மா புரட்டினார். மூன்று மாதமும் பதினைந்தாம் நாள் தொடங்கி நிராகரிப்பு வரிசையாக நின்றது.

"ஏறுதான்னு பாக்கத்தான் சார் அளக்கவே சொன்னேன்! மாசாமாசம் முட்டை ஒழுங்கா வந்திருக்கும்போல. நீங்கதான் தண்ணி ஊத்தி அணைச்சிருக்கீங்க."

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. கோபம் கடைசியில் வந்தது, வந்து உட்கார்ந்துகொண்டது. தெர்மாமீட்டரை அவர் சட்டைப் பையிலிருந்து அவளே உருவிக்கொண்டாள். "இனிமே இந்தப் பக்கம் வராதீங்க, டிகிரி."

அவர் காலிச் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

அதற்குப்பின் கோடு தன் இஷ்டத்துக்கு ஏறி இறங்கியது. எந்தெந்த நாள் என்று அவளே கணித்தாள். அவருக்குத் தகவல் மட்டும் போனது. நான்காவது மாதம் ஏறிய கோடு இறங்கவில்லை. பதினெட்டு நாள் அப்படியே நின்றது; பீரியட்ஸும் வரவில்லை. டாக்டரம்மாவிடம் போய் உறுதி செய்துகொண்டு வந்தாள்.

மறுநாள் காலை ஐந்தரைக்கு டிகிரி கதவோரம் தயங்கி நின்றார். "ஏம்மா, இன்னும் எறங்கலையே. மெஷின்ல ஏதாவது..."

"இப்படி வந்து உக்காருங்க. வாயைத் திறங்க."

திறந்தார். தெர்மாமீட்டரை அவர் நாக்குக்கு அடியில் செருகினாள்.

"பேசாதீங்க, அளவு கெட்டுடும்" என்றுவிட்டு, விஷயத்தைச் சொன்னாள்.

"ம்ம்! ம்ம்ம்!" என்றார் அவர். மூக்குக் கண்ணாடி நனைந்தது. முப்பத்தேழு புள்ளி ஒன்று காட்டியது; அவர் மறுபடி வைக்கச் சொல்லவில்லை.