பதினாலு பேர் கண்ட திருடன்

என் அண்ணன் மோசஸ் திருடன் இல்லை. இதை 1957 மே மாதத்தில் ஒரு வகுப்பறை முழுக்கக் கேட்கிற மாதிரி கத்திச் சொல்ல வேண்டி வந்தது. இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு ரத்தம் கொதிக்கிறது. கொதிக்கட்டுமே, யாருக்கென்ன நஷ்டம்?

அந்தக் கோடை விடுமுறையில் மெட்ராஸ் காலேஜிலிருந்து மணவாளன் சார் கவரைப்பேட்டைக்கு வந்து, உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைகளுக்கு மூன்று வாரம் மனோதத்துவ வகுப்பு எடுத்தார். பதினெட்டுப் பேர் சேர்ந்தோம். சேரியிலிருந்து நான் ஒருத்திதான்.

"மனசுக்குக்கூட கிளாஸு வெச்சிக்கினாங்களா? போய் குந்து குணா, வேலைய நான் பார்த்துக்கறேன்" என்று அனுப்பியவன் அண்ணன். ரயில்வே ஸ்டேஷனில் மூட்டை தூக்குகிறவன். எந்நேரமும் தலையில் ஒரு சிவப்புத் துண்டு. எங்கள் வீட்டு அடுப்பும் என் படிப்பும் அவன் தலைச்சுமையில்தான் நடந்தன.

இரண்டாவது வாரம் ஒரு நாள். கட்டம் போட்ட லுங்கியும் சிவப்புத் துண்டுமாக ஒருவன் திடுதிப்பென்று வகுப்புக்குள் பாய்ந்தான். மேஜை மேலிருந்த சாருடைய கடிகாரத்தைத் தூக்கிக்கொண்டு பின்வாசல் வழியாக ஓடிவிட்டான். "ஐயோ, திருடன்!" என்று ஒரே கூச்சல்.

"யாரும் எழுந்திருக்காதீங்க. வந்தது யாரு, எப்படி இருந்தான்? பார்த்ததைப் பேப்பர்ல எழுதுங்க" என்றார் சார்.

நான் அப்போது கரும்பலகையைப் பார்த்து எழுதிக்கொண்டிருந்தேன். 'சிவப்புத் துண்டு, கட்டம் போட்ட லுங்கி. முகத்தைப் பார்க்கவில்லை' என்று இரண்டு வரி எழுதினேன். மற்றவர்கள் பக்கத்தை நிரப்புவதைப் பார்க்க எனக்கு வெட்கமாகக்கூட இருந்தது.

சார் பேப்பர்களை வாங்கி வாய் திறப்பதற்குள் சின்னதுரை எழுந்துவிட்டான். ரைஸ்மில்காரர் மகன், வகுப்புத் தலைவன். "யாருன்னு எனக்குத் தெரியும் சார், புடிச்சிக்கினு வரேன்!" என்று பறந்தான். "நில்லு! நில்லு!" என்று சார் வாசல்வரை ஓடியும் அவன் காதில் விழவில்லை.

கால் மணி நேரத்தில் அவனும் ரைஸ்மில் ஆட்கள் நாலு பேரும் என் அண்ணனை இழுத்து வந்தார்கள். அவன் துண்டாலேயே அவன் கையைக் கட்டியிருந்தார்கள். உதடு கிழிந்திருந்தது.

"இவன்தான் சார்! என் கண்ணால பார்த்தேன்" என்றான் சின்னதுரை.

திருட்டுப் பேர் ஒரு தடவை விழுந்தால் போதும், ஸ்டேஷன் மாஸ்டர் அப்புறம் பிளாட்பாரத்தில் கால் வைக்க விடமாட்டார். "என் அண்ணன் திருடன் இல்ல!" என்று கத்தினேன்.

மணவாளன் சாருக்கு முகமே செத்துவிட்டது. தலைமையாசிரியர் அறைக்கு ஓடி, ஒருவரைக் கையோடு அழைத்து வந்தார். கடிகாரம் அந்த ஆள் கையில் இருந்தது. சாருடைய காலேஜ் கிளார்க்காம். ஒல்லி, நல்ல சிவப்பு, மூக்குக்கண்ணாடி வேறு.

"இவரை அனுப்பினது நான்தான். கண்ணு பார்த்ததை மனசு எப்படி மாத்திடுதுன்னு காட்டத்தான் இந்தச் சோதனை. இப்படி ஆகும்னு நினைக்கலை" என்றார். பேப்பர்களைப் புரட்டினார். கண்ணாடியைப் பற்றி ஒருத்தரும் எழுதவில்லை. மூன்று பேர் யாரோ லாரி ஆள் என்று எழுதியிருந்தார்கள். பதினாலு பேர் மோசஸ் என்று பேரோடு எழுதியிருந்தார்கள்.

நாலு ஆட்களும் நைசாக நழுவினார்கள். அண்ணனின் கைக்கட்டைச் சாரே அவிழ்த்து, "மன்னிச்சிடுங்க" என்று கும்பிட்டார். நடந்ததைச் சொல்லிவிட்டு வரச்சொல்லி, அந்தக் கிளார்க்கையே ஸ்டேஷன் மாஸ்டரிடம் அனுப்பினார்.

எனக்கு அது போதவில்லை. "பார்த்தேன்னு எழுதினவங்க ஒவ்வொருத்தரா எந்திரிச்சி என் அண்ணன் எதிர்ல படிக்கணும் சார்!" என்றேன். சார் பேப்பர்களை அவரவரிடம் கொடுத்தார்.

படித்தார்கள். 'மோசஸ் என்னை முறைத்தான்' என்று சின்னதுரை. 'நெற்றியில் தழும்பைப் பார்த்தேன்' என்று ஐந்து பேர். தழும்பு என் அண்ணனுக்குத்தான் உண்டு, கிளார்க்குக்கு ஏது? என் பேனாவுக்குத் தினமும் மை ஊற்றித் தருகிற ஹாஜிராவும் அதையேதான் எழுதியிருந்தாள். பாதி படிக்கும்போதே அழுதுவிட்டாள். அழட்டும் என்று நின்றேன். அண்ணன் நிமிர்ந்து நின்று பதினாலையும் கேட்டான்.

முடிந்ததும் அவன் கையைப் பிடித்தேன். "வாண்ணா, ஊட்டுக்குப் போலாம். இந்தப் படிப்பே வேணாம்."

"இன்னாத்துக்குப் போவணும்?" என்று கையை விடுவித்துக்கொண்டான். உதட்டு ரத்தத்தைத் துண்டால் துடைத்தான். "சார், இன்னிக்கிப் பாடம் என்னை வெச்சித்தானே நடந்துது? இது இன்னா படிப்புன்னு முழுசா கேட்டுட்டுத்தான் போவேன்."

நேராக முதல் பெஞ்சுக்குப் போனான். "தம்பி, கொஞ்சம் நவுந்து குந்து" என்றான் சின்னதுரையிடம்.

சின்னதுரை நகர்ந்தான். அண்ணன் உட்கார்ந்தான். மணவாளன் சார் கரும்பலகையைத் துடைத்துவிட்டு, என் அண்ணனைப் பார்த்து, முதல் நாள் பாடத்திலிருந்து ஆரம்பித்தார்.