அப்பா கடைசியாகச் சொன்னது

அப்பாவின் தலையில் சீயக்காய் தேய்த்துக்கொண்டிருந்த கர்ணனின் கை சட்டென்று நின்றது. பின்னால் குடத்தோடு நின்ற பங்காளிகளிடம் சித்தப்பா பிச்சைமணி சொல்லிக்கொண்டிருந்தார்.

"உசுரு போறதுக்கு முந்தி அண்ணன் ஒண்ணுதேன் சொன்னாக. கர்ணனைப் பேங்குலயே சேத்துவிட்ருன்னாக."

வாதம் விழுந்து மூன்று நாளாக நாக்குப் புரளாமல் கிடந்தவர் அப்பா ராக்கையா. தண்ணீர் கேட்கக்கூடக் கண்ணைத்தான் காட்டினார். காலையில் டாக்டரை அழைத்துவரக் கர்ணனைச் சின்னமனூருக்கு அனுப்பியதே சித்தப்பாதான். அவன் திரும்பி வந்தபோது கோம்பையில் தங்கள் தெருமுனையிலேயே அழுகை கேட்டது. வேண்டுமென்றுதான் அனுப்பினாரோ?

அவன் மதுரையில் பி.ஏ. முடித்து நாலு மாதமாகிறது. கம்பத்தில் பிச்சைமணி ஏஜெண்டாக இருந்து நடத்திய பேங்கில் முப்பது ரூபாய்ச் சம்பளத்துக்குக் குமாஸ்தா வேலை காத்திருந்தது. சென்னையில் ஓர் ஆடிட்டர், மூன்று வருஷம் சம்பளமில்லாமல் தன்னிடம் தொழில் கற்றுப் பரீட்சை எழுதலாம் என்று கடிதம் போட்டிருந்தார். மாதக் கடைசிக்குள் வர வேண்டும். கடிதம் வந்த அன்று, ஆடிட்டர் என்றால் யார் என்று அப்பா கேட்டார். அடுத்தவர் கணக்கில் தப்பு இருக்கிறதா என்று பார்ப்பவர் என்றான் கர்ணன். "பேங்குக் கணக்கையுமா?" என்று அவர் சிரித்தார். போ என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

சுடுகாட்டில் கர்ணன் சித்தப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தான். கூடலூர் ஏலக்காய் வியாபாரிகள் அந்தப் பேங்கில் போட்ட பணத்தையெல்லாம் திருப்பி எடுக்கிறார்கள் என்று ஊரில் பேச்சு இருந்தது. உள்ளே நடப்பதை வெளியே விடாத சொந்தக்காரன் ஒருவன் இவருக்கு வேண்டுமோ? கொள்ளி வைத்தபோது சித்தப்பா அவனைப் பார்க்கவில்லை. வாய்க்காலில் முழுகி எழுந்ததும் கர்ணன் கேட்டான்.

"அப்பாவுக்குப் பேச்சு வந்துச்சா சித்தப்பா?"

பிச்சைமணி ஈர வேட்டியைப் பிழிந்தார். பிழிந்ததையே மறுபடி பிழிந்தார்.

"ஒங்காத்தா பக்கத்துலதேன் இருந்துச்சு. கேட்டுக்க."

வீட்டில் பெண்கள் ஒவ்வொருவராகக் கிளம்பிப் போனார்கள். அம்மா கஸ்தூரியம்மாள் கழுவிவிட்ட தரையில் உட்கார்ந்திருந்தாள். கர்ணன் அருகே உட்கார்ந்து அதையே கேட்டான்.

"பேசல," என்றாள். "நாந்தேன் அப்பிடிச் சொல்லச் சொன்னேன். ஒஞ் சித்தப்பா மாட்டேன்னாக. பேங்கு நெலம சரியில்ல மதினி, பயலக் கெடுத்துராதீகன்னாக. கால்ல விழுந்துட்டேன்." பிறகு, தரையைப் பார்த்தபடி, "கம்பம்னா அந்திக்கு வீட்டுக்கு வந்துருவேல்ல," என்றாள்.



பதினாறாம் நாள் கருமாதி முடிந்தது. மறுநாள் காலை, சொல்லி அனுப்பாமலே பிச்சைமணி வந்து கர்ணனின் தகரப்பெட்டியைத் தோளில் ஏற்றிக்கொண்டார். சென்னை ரயிலைப் பிடிக்க மதுரை போகும் பஸ் எட்டு மணிக்கு. பயணம் போகிறவன் எதிரே தாலி அறுத்தவள் வரக் கூடாதென்று கஸ்தூரியம்மாள் அடுப்படிச் சுவரோடு ஒட்டி நின்றாள்.

வாசல்வரை போன கர்ணன் திரும்பி உள்ளே வந்தான்.

"முன்னால நட ஆத்தா."

அவள் மாட்டேன் என்று தலையை ஆட்டினாள். அவன் அங்கேயே நின்றான். பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று பிச்சைமணி தெருவிலிருந்து குரல் கொடுக்கவில்லை.

கடைசியில் அவள் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு படியிறங்கினாள். எதிரே வந்தவர்கள் ஒதுங்கி நின்று பார்க்க, அவள் முன்னால் நடந்தாள். பின்னால் பெட்டியோடு சித்தப்பா. அவருக்கும் பின்னால் கர்ணன்.