சுன்னிவாவின் சம்பளம்

பெர்கன் நகரில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் தோழிகளான தூருனும் சுன்னிவாவும் விற்பனையைக் கவனிக்கும் அக்கவுண்ட் எக்ஸிக்யூட்டிவ்கள். கூடுதல் சம்பளத்துக்காகச் சுன்னிவா ஓஸ்லோ கிளம்பியபோது, "காசுக்காக ஓடுறே" என்று தூருன் சொல்லிவிட்டாள். அதோடு சில வருஷங்களாகப் பேச்சு நின்றது.

நார்வேயில் யாருடைய வருமானத்தையும் வரித்துறைத் தளத்தில் பார்க்கலாம். பார்த்தவர் யார் என்பதும் உரியவருக்குத் தெரியும். இந்த டிசம்பரில் புது வருமானப் பட்டியல் வந்ததும், ஏக்கம் தாளாமல் தூருன் தோழியின் பெயரைத் தேடினாள். வருமானம் தன்னுடையதைவிடக் குறைவாக இருந்ததைக் கண்டு மனம் கனத்தது. தன் பெயர் அங்கே தெரியுமே என்பது பிறகுதான் உறைத்தது.

மறுநாள் சுன்னிவாவே அழைத்தாள்.

"என்னடி, என் சம்பளத்தைத் துப்பறியிறியா?"

"சம்பளம் யாருக்கு வேணும்? உன் பேரையாவது பாக்கணும்போல இருந்துச்சு. அன்னிக்கு நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாது."

வருமானம் குறைவாக இருந்ததைப் பற்றித் தூருன் வாயே திறக்கவில்லை. சுன்னிவாவின் குரல் இளகியது.

"நானும் வருஷாவருஷம் உன் பேரைத் தட்டுவேன். தெரிஞ்சிடுமேன்னு பயந்து அழிச்சிடுவேன். உனக்குத் தைரியம் ஜாஸ்தி."

"தைரியமா? மறந்துபோச்சுடி!"

"மறதியும் ஆண்டவன் கொடுத்ததுதான்" என்று சிரித்தாள் சுன்னிவா. "ஞாயித்துக்கிழமை ரயிலேறி வரேன், வீட்டுல இரு."