ஆரணியின் பெருமூச்சு வழக்கு

நாட்டின் மானத்தைக் காக்கும் பெரும்பொறுப்பு 1954ஆம் ஆண்டு பொன்னேரிப் பக்கத்து ஆரணியின் தலையில் வந்து விழுந்தது. அதுவரை ஆரணிக்கு அப்படியொரு பொறுப்பு இருப்பது தெரியாது. கத்தரிக்காய் விலைதான் தெரியும்.

பஞ்சாயத்து ரேடியோவில் சிலோன் வானொலி வைத்ததுதான் வினை. கூரைமேல் கட்டியிருந்த ஒலிபெருக்கி ஒரு காதல் பாட்டைச் சந்தை முழுக்க இறைத்தது. இரண்டாம் அடி முடிந்ததும் பாடுகிறவள் ஒரு பெருமூச்சு விடுவாள். அரிசி மண்டி ஆதிகேசவன் கொதித்துப் போனார். ஒழுக்கப் பாதுகாப்புக் குழு என்று ஒன்றைத் தொடங்கி, தாமே தலைவராகி, ஊரெல்லாம் கைநாட்டு வாங்கி, ரேடியோவையே எடுத்துவிடும்படி மேலிடத்துக்கு மனு அனுப்பினார்.

ரேடியோ போனால் தினமும் அதன் குமிழைத் திருப்பிப் பாட வைக்கிற முனுசாமியின் வேலையும் போகும். மறுபடியும் மாமனாரின் செங்கல் சூளையில் போய் நிற்க வேண்டும். மாமனார் அதற்காகவே காத்திருந்தார்.

"ரேடியோ பூட்டா நான் இன்னாத்த கேட்டுக்கினு கருவாடு விப்பேன்?" என்றாள் குப்பம்மாள்.

"நீயுந்தான கைநாட்டு வெச்ச?" என்றான் முனுசாமி.

"கொசு மருந்து அடிக்கச் சொல்லி மனுன்னாரு. வெச்சேன்."

ஒரு சந்தை நாள் சாயங்காலம் பொன்னேரியிலிருந்து அதிகாரி விசாரணைக்கு வந்தார். சந்தையே பஞ்சாயத்து வாசலுக்கு நகர்ந்துவிட்டது.

"ஆபாசம் எங்க இருக்கு?" என்று கேட்டார் அதிகாரி.

"பெருமூச்சுல, சார்," என்றார் ஆதிகேசவன். "மூணு விநாடி. நல்லா இழுத்து வுடுவா."

"காதால கேட்காம நான் எப்படி எழுதறது? போடுப்பா."

முனுசாமி குமிழைத் திருப்பினான். நேயர் விருப்பம் ஓடிக்கொண்டிருந்தது. அறிவிப்பாளர் குழைந்து குழைந்து படித்தார்: "அடுத்த பாடலை விரும்பிக் கேட்டவர், ஆரணி, ஒழுக்கப் பாதுகாப்புக் குழுத் தலைவர், அரிசி மண்டி ஆதிகேசவன்."

தராசுகள் அந்தரத்தில் நின்றன. பிறகு சந்தை சிரித்த சிரிப்பில் கூரைக் காக்கைகள் எழுந்து பறந்தன.

"நைனா, ஒன் பேரு சிலோன் வரிக்கும் போய்க்கினுகீது," என்றாள் குப்பம்மாள்.

"ஆராய்ச்சிக்கு எழுதினேன்," என்றார் ஆதிகேசவன் விறைப்பாக. "குத்தத்த நிச்சயம் பண்ண வாணாமா?"

அதே பாட்டு தொடங்கியது. இரண்டாம் அடி முடிந்தது. அதிகாரியின் பேனா நின்றது. பெருமூச்சு வந்தபோது சந்தை மொத்தமும் கூடவே ஒன்று விட்டது. அதிகாரியும் விட்டார், உடனே இருமிக்கொண்டார்.

"ரேடியோ இருக்கட்டும்," என்று மனுவை மடித்தார். "விசாரணை இன்னும் முடியல."

முனுசாமி சத்தத்தை இன்னும் கொஞ்சம் கூட்டினான்.

வானொலியில் படித்தது, அந்தப் பாட்டைக் கேட்டு ஆதிகேசவன் எழுதிப்போட்ட நான்காவது தபால் அட்டை.